மின்சாரம் வந்ததும் சுவிட்ச் யார் பேச்சைக் கேட்கும்?



பள்ளிக் கணினிக்கூடத்துக்குள் நுழைந்தால் எல்லார் கண்ணும் திரைமேல்தான் இருக்கும். இந்த வாரம் கொஞ்சம் மூலைப் பக்கம் பாருங்கள். சுவரில் பொருத்திய ஓர் இரும்புப் பெட்டி. அதற்குள் தட்டையான ஒரு கருவி. முகப்பில் 24 துளைகள், துளைக்கு ஒரு கம்பி, கம்பிக்கு ஒரு சின்னப் பச்சை விளக்கு. அந்த விளக்குகள் ஓயாமல் மினுக்கிக்கொண்டே இருக்கும். அதற்குப் பெயர் சுவிட்ச். விளக்குப் போடும் சுவிட்ச் இல்லை. கணினிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் வலையமைப்புச் சுவிட்ச். தோட்ட அலுவலகம், செம்பனை ஆலையில் லாரி நிறுக்கும் இடம், மருத்துவமனை, வங்கி, எங்கே கணினிகள் கூட்டமாக வேலை செய்கின்றனவோ அங்கெல்லாம் இது இருக்கும்.

அது செய்யும் வேலை எளிது. வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட் நீளமுள்ள ஒரு முகவரி உண்டு. அதை மேக் முகவரி என்பார்கள். எந்தத் துளையில் எந்த முகவரி இருக்கிறது என்று சுவிட்ச் தானே கவனித்து ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளும். பிறகு ஒரு கணினி இன்னொன்றுக்குத் தரவு அனுப்பினால், அட்டவணையைப் பார்த்து உரிய துளைக்கு மட்டும் அனுப்பிவிடும். தபால்காரர் லயத்தில் எந்த வீட்டில் யார் இருக்கிறார் என்று தெரிந்து வைத்திருப்பதுபோல. இவ்வளவுதான் என்றால் இன்று இதைப்பற்றி எழுத வேண்டியதில்லை. நான் கேட்க வந்த கேள்வி வேறு.

நம் நெகிரி செம்பிலானில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகலில் வானம் கறுத்தால் என்ன நடக்கும் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளில் மலேசியாவும் ஒன்று. இடி இடிக்கும், மின்சாரம் போகும், அரை மணி கழித்து வரும். கணினிக்கூடத்தில் அப்போது யாரும் இல்லை. கதவு பூட்டிக் கிடக்கிறது. பெரும்பாலான சுவிட்சுகளில் தொடக்கப் பொத்தானே கிடையாது. மின்சாரம் வந்த உடனே அது தானாக விழித்துக்கொள்ளும். விழித்ததும் அதற்கு என்னென்ன நினைவிருக்கும்? தன் பெயர் நினைவிருக்குமா? தன்னைத் திறக்கும் கடவுச்சொல் நினைவிருக்குமா? யார் சொன்னால் கேட்க வேண்டும், யார் சொன்னால் கேட்கக்கூடாது என்பது நினைவிருக்குமா?

வாயால் சொன்னதும் பதிவேட்டில் ஏறியதும்

சுவிட்சுக்குள் இரண்டு வகை நினைவகம் இருக்கிறது. ஒன்று ராம். வேகமானது; ஆனால் மின்சாரம் போனால் அதில் இருந்தது எல்லாம் போய்விடும். மற்றொன்று ஃபிளாஷ். மின்சாரம் இல்லாவிட்டாலும் எழுதியது அப்படியே நிற்கும். உங்கள் கைப்பேசியில் படங்கள் இருப்பதும் இந்த வகை நினைவகத்தில்தான்.

சுவிட்சுக்கு நாம் இடும் கட்டளைகள் எல்லாம் முதலில் ராமில்தான் ஏறும். இந்த நிமிடம் சுவிட்ச் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்ற அந்தப் பட்டியலை ரன்னிங்-கான்ஃபிக் என்பார்கள். நாம் நடப்பு அமைப்பு என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம் வந்து சுவிட்ச் விழிக்கும்போது படிக்கும் பட்டியல் வேறு. அது ஃபிளாஷில் ஒரு கோப்பாக இருக்கும். அதன் பெயர் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக். நமக்குத் தொடக்க அமைப்பு. இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். நாமே முயன்று முதலாவதை இரண்டாவதில் நகலெடுத்தால்தான் ஒன்றாகும்.

உங்கள் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்கள் என்றால் பெரட்டு என்ற சொல்லைக் கேட்டிருப்பீர்கள். விடியும் முன் எல்லாரும் கூடும் களம். மண்டோர் பேர் கூப்பிட்டு, யாருக்கு எந்த நிரை என்று சொல்வார். பகலில் ஏதாவது மாறும். ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், அவர் நிரையையும் சேர்த்துப் பார்த்துவிடு என்று பக்கத்து ஆளிடம் மண்டோர் வாயால் சொல்லிவிட்டுப் போவார். வேலையும் நடந்துவிடும். ஆனால் மாதக் கடைசியில் சம்பளம் போடும்போது கிராணி பார்ப்பது செக்ரோல் என்ற பதிவேட்டை. மண்டோர் வாயால் சொன்னது அதில் ஏறாமல் போயிருந்தால், அந்த வேலைக்குக் கூலி எங்கே? சுவிட்சும் அந்தக் கிராணியைப் போலத்தான். இடி இடித்து மின்சாரம் போய் வந்தபின், பதிவேட்டில் உள்ளதை மட்டுமே நம்பும்.

ஆகவே எந்த மாற்றம் செய்தாலும் கடைசியில் ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். சிஸ்கோ நிறுவனத்தின் சுவிட்சுகளில் அது 'காப்பி ரன்னிங்-கான்ஃபிக் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்'. (கட்டளைகளை ஒலிப்பின்படி தமிழில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.) வேறு நிறுவனங்களின் கருவிகளில் சொற்கள் மாறும், கருத்து மாறாது. இந்தக் கட்டுரை முழுக்க சிஸ்கோவின் கேட்டலிஸ்ட் 2960 வகையையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். பயில்வோர் அதிகம் சந்திக்கும் சுவிட்ச் அது.

விழிக்கும் அந்தச் சில நிமிடங்கள்

மின்சாரம் வந்ததும் சுவிட்ச் முதலில் தன் உடம்பைத் தானே சோதித்துக்கொள்ளும். செயலி நலமா, நினைவகம் நலமா என்று பார்க்கும். அப்போது முகப்பில் உள்ள சிஸ்ட் விளக்கு பச்சையாக விட்டுவிட்டு எரியும். சோதனை முடிந்து எல்லாம் சரியென்றால் நிலையாகப் பச்சை. மஞ்சளாக நின்றுவிட்டால் ஏதோ கோளாறு என்று பொருள்.

அடுத்து, பூட் லோடர் என்ற சின்ன நிரல் வேலையைத் தொடங்கும். அது ராம் என்ற நினைவகத்திலும் இல்லை, ஃபிளாஷிலும் இல்லை. படிக்க மட்டுமே முடிந்த ரோம் நினைவகத்தில் இருக்கிறது. அதற்குத் தெரிந்ததெல்லாம் கொஞ்சம்தான்: ஃபிளாஷைத் திறக்கும், அதில் சுவிட்சின் இயங்குதளம் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடும், கண்டுபிடித்ததை ராமில் ஏற்றும். பெரிய இயந்திரத்தை ஓட்டத் தொடங்கும் சின்னச் சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தக் கோப்பு என்று பூட் லோடருக்கு எப்படித் தெரியும்? இங்கேதான் தொடக்க அமைவுகள் வருகின்றன. 'பூட் சிஸ்டம்' என்ற கட்டளையோடு கோப்பின் பெயரைக் கொடுத்தால், அது பூட் என்ற ஒரு மாறியில் பதிந்துவிடும். அடுத்த முறை விழிக்கும்போது பூட் லோடர் அந்த மாறியைப் பார்க்கும். நாம் ஒன்றுமே குறிக்காவிட்டால்? ஃபிளாஷுக்குள் ஒவ்வொரு கோப்புறையாக நுழைந்து தேடி, முதலில் கிடைக்கும் இயங்கக்கூடிய கோப்பை எடுத்து ஓட்டிவிடும். பழைய பதிப்பும் புதிய பதிப்பும் இரண்டும் உள்ளே கிடந்தால், நாம் எதிர்பாராதது ஓடலாம். புதிய இயங்குதளத்தை ஏற்றிவிட்டு இந்த ஒரு வரியை எழுதாமல் விட்டால், ஏற்றியும் ஏற்றாததுபோலத்தான். விவரம் தெரிந்தவர்கள் இரண்டு பெயர்களை வரிசையாகக் குறித்து வைப்பார்கள். முதல் கோப்பு கெட்டிருந்தால் சுவிட்ச் இரண்டாவதைக் கொண்டு எழுந்துவிடும். 'ஷோ பூட்' என்று தட்டினால், அடுத்த முறை எதைக் கொண்டு எழப்போகிறது என்று இப்போதே தெரிந்துகொள்ளலாம்.

இயங்குதளம் ஓடத் தொடங்கியபின் கடைசிப் படி. தொடக்க அமைப்புக் கோப்பைத் திறந்து வரிக்கு வரி படிக்கும். கேட்டலிஸ்ட் 2960-இல் அந்தக் கோப்பின் பெயர் கான்ஃபிக் டாட் டெக்ஸ்ட். உன் பெயர் இது, இத்தனையாவது துளை அலுவலகத்துக்கு, இந்த இந்த ஆள்கள் உள்ளே வரலாம் என்று அதில் எழுதியிருக்கும். படித்தது எல்லாம் ராமில் ஏறி நடப்பு அமைப்பாகும். கோப்பே இல்லையென்றால், தொழிற்சாலையிலிருந்து அன்றுதான் வந்ததுபோல, பெயரும் பூட்டும் இல்லாமல் எழுந்து நிற்கும்.

கடைசியாகச் சொன்னதை மனத்தில் வையுங்கள். யார் உள்ளே வரலாம் என்ற பட்டியலும் அதே கோப்பில்தான் இருக்கிறது. இதன் விளைவைப் பின்னால் பார்ப்போம்.

சேமிக்காமல் விடுவதும் ஒரு வித்தைதான்

இவ்வளவு நேரம் 'சேமி, சேமி' என்று சொன்னேன். இப்போது நேர்மாறாக ஒன்று.

சிரம்பானில் உட்கார்ந்திருக்கும் ஒரு தொழில்நுட்பர், பகாவ் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கும் சுவிட்சை இணையம் வழியாகவே சீரமைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு துளையின் அமைப்பை மாற்றுகிறார். கவனக்குறைவாக, தான் எந்த வழியில் நுழைந்தாரோ அந்த வழியையே மூடிவிடுகிறார். மரத்தில் உட்கார்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டிய கதை. இனி அவரால் உள்ளே நுழைய முடியாது. தோட்டத்து அலுவலகத்துக்கும் இணையம் இல்லை. ஒரு மணி நேரத்துக்குமேல் வண்டி ஓட்டிப் போய்க் கையால் சரிசெய்ய வேண்டியதுதான்.

அனுபவசாலிகள் வேலையைத் தொடங்கும் முன்பே 'ரீலோட் இன் 10' என்று ஒரு கட்டளை கொடுத்துவிடுவார்கள். பத்து நிமிடத்தில் நீயே அணைந்து மறுபடி எழு என்று பொருள். அதன்பின் மாற்றத்தைச் செய்வார்கள், ஆனால் சேமிக்கமாட்டார்கள். தவறு நடந்து வழி அடைபட்டால் கவலையில்லை. ஒரு தேநீர் குடித்துவிட்டு வந்தால் போதும். பத்து நிமிடத்தில் சுவிட்ச் அணைந்து எழும், பழைய பதிவேட்டைப் படிக்கும், தவறான மாற்றம் ராமோடு போய்விட்டது, வழி திறந்துவிடும். மாற்றம் சரியாக வந்துவிட்டதா? 'ரீலோட் கேன்சல்' என்று நிறுத்திவிட்டு, அப்புறம் சேமிப்பார்கள். இரண்டு நினைவகம் இருப்பதைக் குறை என்று நினைக்காமல் கருவியாக ஆக்கிக்கொண்ட இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. பாடநூலில் 'நிலையா நினைவகம்' என்று ஒரு வரியில் படித்துவிட்டுப் போகிறோம். அந்த நிலையாமையால் இப்படியும் ஒரு நன்மை இருக்கிறது.

ஆளுக்கு ஒரு சாவி

இனி பயனர்கள். பல இடங்களில் சுவிட்சுக்கு ஒரே ஒரு பயனர் பெயர், ஒரே ஒரு கடவுச்சொல். எல்லாரும் அதையே பயன்படுத்துவார்கள். சிலர் அதை ஒரு தாளில் எழுதிச் சுவிட்சின் மேலேயே ஒட்டி வைத்திருப்பார்கள்! ஆசிரியர், பயிற்சிக்கு வந்தவர், பழுதுபார்க்க வந்த ஒப்பந்தக்காரர் எல்லாருக்கும் ஒரே சாவி. ஒருவர் வேலையை விட்டுப் போனால் அந்தச் சாவியும் அவரோடு போகிறது. நேற்று இரவு யார் இந்தத் துளையை அடைத்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆளில்லை. பதிவில் எல்லாருக்கும் ஒரே பெயர்தானே.

தோட்டத்தில் அப்படி நடக்காது. மண்டோர் வேலையைப் பிரித்துக் கொடுப்பார்; செக்ரோலில் எழுதுவது கிராணி; பணம் கொடுக்கக் கையெழுத்துப் போடுவது மானேஜர். ஒவ்வொருவருக்கும் தம் வேலைக்கு வேண்டிய அளவு அதிகாரம். சிஸ்கோ சுவிட்சிலும் 0 முதல் 15 வரை பதினாறு அதிகார நிலைகள் உண்டு. வழக்கத்தில் அதிகம் பயன்படுபவை இரண்டு. நிலை 1-இல் நுழைந்தவர் சுவிட்சின் நிலவரத்தைப் பார்க்கலாம்; அமைப்பை மாற்ற முடியாது. நிலை 15-இல் நுழைந்தவர் எதையும் செய்யலாம், இயங்குதளத்தை அழிப்பது உட்பட. இடையில் உள்ள 2 முதல் 14 வரை நாமே வரையறுத்துக்கொள்ளலாம். துளையைத் திறந்து மூட மட்டும் ஒருவருக்கு அனுமதி, மற்றது எதற்கும் இல்லை என்று அமைக்க முடியும்.

ஒரு பயனரை உண்டாக்கும் கட்டளை இப்படி இருக்கும்: 'யூசர்நேம்', பிறகு அவர் பெயர், பிறகு 'பிரிவிலேஜ்' என்று எழுதி நிலை எண், பிறகு 'சீக்ரெட்' என்று எழுதிக் கடவுச்சொல். அந்தக் கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். அதற்குப் பதிலாக 'பாஸ்வேர்ட்' என்றும் எழுதலாம், சுவிட்ச் மறுக்காது. ஆனால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிது.

'பாஸ்வேர்ட்' என்று கொடுத்தால் கடவுச்சொல் கோப்பில் அப்படியே, யார் பார்த்தாலும் படிக்கும்படி நிற்கும். அதை மறைக்க ஒரு கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்தால் எழுத்துகள் குழம்பித் தெரியும். இதை ஏழாம் வகை என்பார்கள். ஆனால் அது வெறும் முடிச்சுதான். முடிச்சுப் போடும் முறை எல்லாருக்கும் தெரியும் என்பதால், நொடியில் அவிழ்த்துவிடலாம். 'சீக்ரெட்' என்று கொடுத்தால் நடப்பது வேறு. கடவுச்சொல்லை ஒரு கணிதச் செயல்முறைக்குள் போட்டு அரைத்து, வெளிவரும் மாவை மட்டும் கோப்பில் வைக்கிறது. மாவிலிருந்து அரிசியைத் திரும்ப எடுக்க முடியாது. நீங்கள் மறுபடி நுழையும்போது, தட்டிய சொல்லை அதே முறையில் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று ஒப்பிடும். உங்கள் கடவுச்சொல் என்ன என்று சுவிட்சுக்கே தெரியாது! திருடன் கோப்பை எடுத்துப்போனாலும் அவன் கையில் மாவுதான்.

அவன் ஊகித்துப் பார்க்கலாம். எவ்வளவு நேரமாகும்? கணக்குப் போடுவோம். கடவுச்சொல் நான்கு இலக்கம் என்றால் 10,000 வாய்ப்புகள். நொடிக்கு 1,000 ஊகம் என்றால் பத்தே நொடி. எட்டு சிறிய ஆங்கில எழுத்துகள் என்றால் 26-ஐ எட்டு முறை பெருக்க வேண்டும்: 208,827,064,576. அதே வேகத்தில் ஆறரை ஆண்டுக்கு மேல். அரைக்கும் வேலையை வேண்டுமென்றே மெதுவாக்கினால் நொடிக்குச் செய்யக்கூடிய ஊகங்கள் இன்னும் குறையும். புதிய சுவிட்சுகளில் ஒன்பதாம் வகை என்று ஒன்று உண்டு. எஸ்கிரிப்ட் என்ற முறை. அது ஊகிப்பவன் நிறைய நினைவகத்தையும் செலவழிக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. ஆனால் கடவுச்சொல்லாகப் பள்ளியின் பெயரையே வைத்தால் இந்தக் கணிதம் எதுவும் உதவாது. திருடன் முதலில் ஊகிப்பதே அதைத்தான்.

2018 ஏப்ரல் 6

இத்தனை பூட்டும் போட்டபின் பின்கதவு திறந்திருந்தால்?

பெரிய நிறுவனங்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. நூறு கிளைகளுக்கு நூறு புதிய சுவிட்சுகள் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு வல்லுநரை அனுப்ப முடியுமா? அதற்காகச் சிஸ்கோ 'ஸ்மார்ட் இன்ஸ்டால்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. புதிய சுவிட்சைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கம்பியைச் செருகினால் போதும். தலைமைக் கருவி ஒன்று வலையமைப்பு வழியாகவே இயங்குதளத்தையும் தொடக்க அமைப்பையும் அதற்கு அனுப்பிவிடும். நல்ல வசதிதான். ஆனால் அனுப்புவது உண்மையிலேயே தலைமைக் கருவிதானா என்று சுவிட்ச் கேட்காது. பெயரும் கேட்காது, கடவுச்சொல்லும் கேட்காது. பல வகைகளில் இந்த வசதி தொழிற்சாலையிலிருந்தே திறந்த நிலையில் வந்தது. புதிய சுவிட்சை நிறுவி முடித்தபின் அதை மூட வேண்டும் என்று பலருக்குத் தோன்றவில்லை.

இதை யாராவது தவறாகப் பயன்படுத்தலாம் என்று 2017 பிப்ரவரியிலேயே எச்சரிக்கை வந்தது. 2018 மார்ச் 28-இல் அதே வசதியில் கண்டுபிடிக்கப்பட்ட இன்னொரு ஓட்டைக்குச் சிஸ்கோ திருத்தம் வெளியிட்டது. ஒன்பது நாள் கழித்து, ஏப்ரல் 6 அன்று, ஈரானிலும் ரஷ்யாவிலும் பல சுவிட்சுகள் வேலை செய்வதை நிறுத்தின. அவற்றின் தொடக்க அமைப்பு அழிக்கப்பட்டு, அந்த இடத்தில் எழுத்துகளால் வரைந்த ஓர் அமெரிக்கக் கொடியும், எங்கள் தேர்தலில் தலையிடாதே என்ற பொருளில் ஒரு வரியும் இருந்தன. உலகம் முழுவதும் சுமார் 200,000 சுவிட்சுகள், தம் நாட்டில் 3,500 பாதிக்கப்பட்டன என்று ஈரானின் தகவல் தொழில்நுட்ப அமைச்சு கூறியது.

இப்போது நான் முன்பு மனத்தில் வைக்கச் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவிட்சுகளில் நல்ல கடவுச்சொற்கள் இருந்திருக்கலாம். ஆளுக்கு ஒரு பயனர் பெயர் இருந்திருக்கலாம். எதுவும் பயன்படவில்லை. ஏனென்றால் பயனர் பட்டியலே தொடக்க அமைப்புக் கோப்பில்தான் இருக்கிறது. அந்தக் கோப்பை மாற்றியவன், பூட்டைத் திறக்கவில்லை. பூட்டு இருந்த கதவையே கழற்றி எறிந்துவிட்டான். சுவிட்ச் மறுபடி எழுந்தபோது யாரைக் கேட்க வேண்டும் என்பதே அதற்குத் தெரியாது. தொடக்க அமைவுகளும் பயனர் அமைவுகளும் பாடநூலில் தனித்தனி அத்தியாயமாக இருக்கும். ஆனால் ஒன்று இல்லாமல் மற்றொன்று நிற்காது.

அந்த வசதியை மூட எவ்வளவு பெரிய வேலை தெரியுமா? இரண்டே சொல்: 'நோ வீஸ்டேக்'. அதோடு சேமிக்கவும் வேண்டும். சேமிக்காவிட்டால் அடுத்த இடிமழைக்குப் பின்கதவு மறுபடி திறந்துகொள்ளும். அமைப்புக் கோப்பின் நகல் ஒன்றை வேறு கணினியில் வைத்திருந்தவர்களால் அதைத் திரும்ப ஏற்றி எழுந்துவிட முடியும். நகல் இல்லாதவர்கள் எந்தத் துளை எதற்கு என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

ராமும் கடவுச்சொல்லும் சேர்ந்து பாடம் நடத்திய இன்னொரு நிகழ்வு 2016-இல். மிராய் என்ற தீநிரல், வீட்டு ரௌட்டர்களிலும் கண்காணிப்புக் கேமராக்களிலும் புகுந்தது. பெரிய தந்திரம் ஒன்றும் இல்லை. தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயர், கடவுச்சொல் இணைகள் 60-க்கும் மேல் அதனிடம் இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. மாற்றாமல் விட்டவர்கள் அத்தனை பேர்! 2016 அக்டோபர் 21-இல் அப்படிப் பிடிபட்ட கருவிகள் ஒரே நேரத்தில் டைன் என்ற நிறுவனத்தைத் தாக்க, ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குத் திறக்கவில்லை. மிராய் ராமில் மட்டுமே வாழ்ந்தது. கருவியை அணைத்து எழுப்பினால் செத்துவிடும். ஆனால் கடவுச்சொல் பழையதாகவே இருந்தால் சில நிமிடங்களில் திரும்ப வந்துவிடும். அதை எழுதியவர்கள் மூன்று இளைஞர்கள். மைன்கிராஃப்ட் விளையாட்டுச் சேவையகங்களை வைத்து நடந்த போட்டியில் தொடங்கியது அந்தக் கதை. 2017 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள்.

பெட்டிக்குப் பூட்டு எதற்கு?

கணினிக்கூடத்துச் சுவிட்ச் ஏன் இரும்புப் பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது? தூசு விழாமல் இருக்க என்று சொல்வீர்கள். அதுவும் உண்மைதான். முக்கியக் காரணம் முகப்பில் உள்ள மோட் என்ற சின்னப் பொத்தான். கடவுச்சொல்லை எல்லாரும் மறந்துவிட்டால் சுவிட்சை மீட்பதற்காக வைத்த வழி அது. அதை அழுத்திக்கொண்டே மின்சாரம் கொடுத்தால், சுவிட்ச் பூட் லோடரிலேயே நின்றுவிடும். அங்கிருந்து தொடக்க அமைப்புக் கோப்பைப் படிக்காமலே எழச்செய்ய முடியும். கோப்பைப் படிக்கவில்லை என்றால் பயனரும் இல்லை, கடவுச்சொல்லும் இல்லை. கையால் தொடக்கூடியவனுக்கு எந்தக் கடவுச்சொல்லும் தடையில்லை என்று ஆகிறது. இந்த வழியை மூடும் கட்டளையும் உண்டு. ஆனால் என்னைக் கேட்டால், பள்ளிக்கூடத்துக்கு ஒரு நல்ல பூட்டே மேல். அந்தக் கட்டளையைப் போட்டபின் கடவுச்சொல்லை மறந்தால், பழைய அமைப்பை அழித்துவிட்டுத்தான் சுவிட்சை மீட்க முடியும்.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே பள்ளிச் சுவிட்சில் கை வைக்காதீர்கள். அனுமதி இல்லாமல் கணினிக்குள் நுழைவது 1997-ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். 50,000 ரிங்கிட் வரை அபராதமோ ஐந்து ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். விளையாட்டாகச் செய்தேன் என்பது பதிலாகாது.

செய்து பார்க்க வேறு வழி இருக்கிறது. சிஸ்கோவின் பேக்கெட் டிரேசர் என்ற மென்பொருள், அவர்களின் வலையமைப்புக் கல்வித் தளத்தில் பதிவு செய்பவர்களுக்கு இலவசம். அதில் ஒரு 2960 சுவிட்சைத் திரையில் இழுத்துப் போட்டு, உண்மையான சுவிட்சில் தட்டுவதையே தட்டலாம். வீட்டில் கணினி இல்லாதவர்கள், பக்கத்தில் நாடி மையம் இருந்தால் அங்கே கேட்டுப் பாருங்கள். கணினி அறிவியலைத் தேர்வுப் பாடமாக எடுக்காதவர்களும் தாராளமாக முயலலாம். போர்ட்டிக்சன், நீலாய் பாலிடெக்னிக்குகள் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன; தொழில்நுட்பத் துறைக்குப் போகும் எண்ணம் உள்ளவர்களுக்கு இந்தப் பழக்கம் வீண்போகாது.

தொடங்குவதற்கு மூன்று வேலைகள்.

முதலில் சுவிட்சுக்கு உங்கள் தோட்டத்தின் அல்லது தாமானின் பெயரை வையுங்கள்; கட்டளை 'ஹோஸ்ட்நேம்'. சேமிக்காமல் 'ரீலோட்' கொடுங்கள். எழுந்தபின் அது தன்னை என்ன பெயரால் சொல்லிக்கொள்கிறது? மறுபடி வைத்து, இம்முறை சேமித்துவிட்டு ரீலோட் செய்யுங்கள்.

அடுத்து இரண்டு பயனர்களை உண்டாக்குங்கள். ஒருவர் நிலை 1, மற்றவர் நிலை 15. ஒருவருக்கு 'பாஸ்வேர்ட்', மற்றவருக்கு 'சீக்ரெட்'. பிறகு 'ஷோ ரன்னிங்-கான்ஃபிக்' தட்டி இரண்டு வரிகளையும் ஒப்பிடுங்கள். எந்தக் கடவுச்சொல்லை உங்கள் தோளுக்குப் பின்னால் நிற்கும் தம்பியால் படிக்க முடிகிறது?

மூன்றாவது கொஞ்சம் சிக்கலானது. ஒரே சுவிட்சை அலுவலகத்துக்கு ஒன்று, மாணவர்களுக்கு ஒன்று என்று இரண்டு தனி வலையமைப்புகளாகப் பிரிக்கலாம். அந்தப் பிரிவுக்கு வீலேன் என்று பெயர். 'வீலேன் 20' என்று ஒன்றை உண்டாக்குங்கள். பிறகு 'இரேஸ் ஸ்டார்ட்டப்-கான்ஃபிக்' தட்டித் தொடக்க அமைப்பை அழித்துவிட்டு ரீலோட் செய்யுங்கள். சுவிட்சின் பெயர் போயிருக்கும், பயனர்கள் போயிருப்பார்கள். ஆனால் 'ஷோ வீலேன்' தட்டினால் 20 அப்படியே இருக்கும். பதிவேட்டை அழித்தபின்னும் அது எங்கே ஒளிந்திருந்தது? 'ஷோ ஃபிளாஷ்' தட்டி, உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.